சுவருக்கு அந்தப் பக்கம்

— திரும்பச் சொல்லு குணமணி. காதுல சரியா விழல.

— விழுந்திச்சு வேலாயிக்கா. ஒங்க அடுப்ப பழையபடி உள்ளுக்கே வைங்கன்னு சொன்னேன். நம்ம ரெண்டு காம்பராவுக்கும் நடுச்சுவரு இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல.

— அது சரி. இத்தன மாசமா என் மொகத்தப் பாக்காதவ, சாக்கப் போத்திக்கிட்டு மழையில லயத்து வீட்டு வரிசையச் சுத்தி வந்து கேக்குறது இதத்தானா.

— சுவரு நனையுதுக்கா. தொட்டா கையில தண்ணி ஒட்டுது. மூலையெல்லாம் கறுப்பா பூஞ்சணம். பொட்டியில மடிச்சு வச்ச சேலையும் ஒரே ஊத்த வாடை. பஸ்ஸுல பதுளைக்குப் போனா பக்கத்துல ஒக்காந்தவ தள்ளி ஒக்காருறா.

— தகரம் ஓட்டையா இருக்கும். பாத்தியா?

— பாத்தாச்சு. எங்க வீட்டுக்காரரு கொழும்புக் கடையிலருந்து வந்தப்ப மேல ஏறி தாரு பூசிட்டுத்தான் போனாரு. அங்க ரோட்டுல ஒரே போலீஸ் செக்கிங்காம், தீவாளிக்கும் வரல. கணக்கப்புள்ள ஐயா சுண்ணாம்பு குடுத்தாரு, நானே அடிச்சேன். செதில் செதிலா உதுந்து புள்ள பாயில கெடக்குது.

— ஜன்னலத் தொறந்து வையி.

— தொறந்தா மூடுபனி உள்ள வந்து படுத்துக்குது.

— அதுக்கும் ஒரு பாயி போடு.

— சிரிக்காதீங்கக்கா. புள்ளைக்கு இழுக்குது. நெஞ்சு உள்ள போயிப் போயி வருது. ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. யாழ்ப்பாணத்து டாக்டரு, நல்ல மனுசன், "பிள்ளையை ஈரச் சுவரோட கிடத்தாதேங்கோ அம்மா"ன்னு சொன்னாரு. எங்க கெடத்துறது? எந்தப் பக்கம் உருண்டாலும் சுவருதான்.

— வேற காம்பரா கேக்குறது.

— காலி இல்லன்னு சங்கத் தலைவர் சொல்லிட்டாரு.

— தலைவரா. அவரக் கூட்டிக்கிட்டு வாறதுல நீ கெட்டிக்காரியாச்சே. என் புகையில ஒன் புள்ள செத்துப் போகும்னு லயமே கேக்கக் கத்துன. அவரு வந்து நின்னு, அடுப்ப ஒடைன்னாரு. என் கையாலயே ஒடைச்சு, கல்லத் தூக்கியாந்து வாசல்ல இந்த இஸ்தோப்புத் திண்ணையில வச்சேன். பாரு, சாரல்ல வெறகு பத்துதா? காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன்ன ஒரு வாய்த் தேத்தண்ணிக்கு ஊதி ஊதியே கண்ணு போச்சு.

— கத்துனது நெசந்தான். வெடிப்பு வழியா புகை வந்திச்சு, புள்ள இருமிச்சு. எனக்கு அது மட்டுந்தான் தெரிஞ்சுது. இப்ப வெடிப்ப களிமண்ணு வச்சு அடைச்சுட்டேன். சூடு மட்டும் வந்தாப் போதும்.

— இப்பதான் சூடு தெரிஞ்சுதாக்கும்.

— அடுப்பு போன பொறகுதான் சுவரு வேர்க்க ஆரம்பிச்சுது. முந்தி புள்ள துணிய அந்தச் சுவரோரமாத்தான் காயப்போடுவேன். காலையில காஞ்சிருக்கும். நமக்கு வாய்ச்சது நல்ல சுவருன்னு நெனச்சேன்.

— ஆமா போ. நல்ல சுவரு.

— ராவுல புள்ளய வயித்து மேல போட்டுக்கிட்டு ஒக்காந்தே இருக்கேன். விடிஞ்சா கொழுந்து பறிக்கப் போகணும். மலையில நின்னுக்கிட்டே தூங்குறேன்னு கங்காணி ஏசுறாரு. என்னால முடியலக்கா. கால்ல விழச் சொன்னா விழுறேன்.

— எந்திரி. தரை ஈரம், சேல நனையுது.

— வெறகு நான் சொமந்து தாறேன். நீங்க சோறாக்குற நேரம் எரிஞ்சாப் போதும்.

— போதாது. ஒருத்திக்குச் சோறாக்க எத்தன நேரமாகும்? அதுல கல்லு கூட காயாது. ராவு முழுக்க எரியணும்.

— முந்தி அப்பிடித்தானே எரிச்சீங்க.

— எதுக்கு எரிச்சேன்னு கேட்டியா?

— கேக்கல. பக்கத்துல சொன்னாங்க.

— என்ன சொன்னாங்க? வாயத் தொறந்து சொல்லு.

— கோவிக்காதீங்க. ராவுல கசிப்புச் சாராயம் காச்சுறீங்கன்னு. தலைவர்கிட்டயும் அதத்தான் சொன்னேன். இல்லாட்டி அவரு வந்திருக்க மாட்டாரு.

— கசிப்பா.

— நீங்க என்ன காச்சினாலும் இனி நான் கேக்க மாட்டேன்க்கா. யாருக்கும் சொல்ல மாட்டேன். எரிச்சாப் போதும்.

— ராவுல அந்த அடுப்புல சட்டியே வைக்கல புள்ள. நீ இருக்குற காம்பராவுல முந்தி குடியிருந்தது நான்தான். என் மக அந்தச் சுவரோரமா இழுத்து இழுத்துத்தான் செத்தா. ஒன் புள்ளய பெத்து ஆஸ்பத்திரியிலருந்து தூக்கியாந்த அன்னைக்கு, சுவரு குளுந்துறக் கூடாதுன்னு வெறகு தள்ள ஆரம்பிச்சவதான், நீ தலைவரோட வந்து நிக்கிற வரைக்கும் ஒரு ராவும் அணைக்கல.