அக்கரைக்குப் போன கள்ளுக்கடை

தாலுகா போர்டு கச்சேரி வாசலில் மனுவோடு நின்றிருந்தேன். வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண், "கள்ளுக்கடை எங்க தெருவுக்கே திரும்பி வரணும்" என்றாள்.

அவளுக்கு முன்னால் நின்ற மிஷன் பள்ளி வாத்தியார் வெடுக்கென்று திரும்பினார்.

"கூறு இருக்கா உனக்கு? வேதக்கோயில் பக்கம் கள்ளு கூடாதுன்னு சபையே கையெழுத்துப் போட்டு, இப்பத்தான் அக்கரைக்கு மாத்தியிருக்கோம்."

"எங்க வீட்டுக்காரரு அங்கன போயிக் குடிக்காரு, ஐயா."

"ஊரு சுத்தமாயிட்டுல்லா?"

"ஆத்துல தண்ணி ஏறுது. இருட்டுனா தள்ளாடிக்கிட்டே இறங்கி வாராரு. நான் இக்கரையில நின்னு கூப்பிடுத சத்தத்த வச்சுத்தான் கரை சேருதாரு."

வாத்தியார் குடையை விரித்தார், உடனே மடக்கினார்.

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, ஐயா. இன்னைக்கு ராத்திரி சபையிலருந்து யாரு வந்து கூப்பிடுவா?"