தனியாக விடக்கூடாத மீன்கள்

கண்டியிலிருந்து தெல்தெனிய போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். மடியில் பெரிய உடுப்புப் பை. மற்றவர் வயதில் மூத்தவர், அவளுக்குப் பழக்கமானவர். பஸ் ஏறிய இடத்தில்தான் சந்தித்திருக்க வேண்டும்.

"அந்தக் குட்டி மீன ஒத்தையா விட்டா ஏங்கியே செத்துப் போயிருமாம் அக்கா," என்றாள் இளையவள்.

"யாரு சொன்னா?"

"எங்க வீட்டுக்காரருதான். அதுக்காகவே ஒரு கூட்டமா வாங்கியாந்து விட்டாரு. சின்னக் கண்ணாடித் தொட்டி. உள்ளுக்குச் செடி, மேலுக்கு லைட்டு. ஒவ்வொரு மீனும் நகத்தளவுதான் இருக்கும்."

"நல்ல மனசுதானே."

"போன மாசம் கரு கலஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல. பக்கத்துக் கட்டில்காரங்களுக்கெல்லாம் ஆள் வந்துச்சு. இவரு எட்டியே பாக்கல. கேட்டா, தொட்டித் தண்ணி கலங்கிருச்சாம், விட்டுட்டு வந்தா மீனெல்லாம் போயிருமாம்."

மூத்தவர் அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு, "இப்ப எங்க போற?" என்று கேட்டார்.

"தங்கச்சி வீட்டுக்கு. இனி வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"தொட்டிக்கு முன்னுக்குக் குந்தியிருந்தாரு. திரும்பல. போறப்ப கதவ மெதுவாச் சாத்து, சத்தத்துக்கு மீனெல்லாம் பதறுதுன்னாரு."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மெதுவாத்தான் சாத்துனேன் அக்கா."