நிதானம் ஒட்ட மறுத்த இரண்டு வாக்கியங்கள்

ஒலிக் கலைஞர் சங்கத்தின் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகிகளே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், நாம் இழந்தவருடைய கணவரே, வேலையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை உருக்கமாகப் பேசச் சொன்னார்கள். நான் படப்பிடிப்புத் தளத்தில் மைக் பிடிக்கிறவன். கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே கேட்டதைச் சொல்கிறேன்.

வசனத் தொகுப்பில் நம் எல்லோருக்கும் மூத்தவர், நாம் "நிதானம்" என்று அழைத்தவர், இன்று இல்லை. யார் வைத்த பெயரோ தெரியாது. அவர் நடை வேகம், சாப்பாடு வேகம், கோபம் அதைவிட வேகம். ஆனால் ஹெட்போனை மாட்டிவிட்டால் போதும். யாராவது அவசரப்படுத்தினால், திரும்பிக்கூடப் பார்க்காமல் "நிதானம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பெரிய பெரிய தயாரிப்பாளர்கள் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் செய்த வேலை என்ன? குடும்பத்தார் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே ஆள் ஒரே காட்சியில் பேசுகிறார். ஒரு ஷாட்டில் மைக் காலரில் இருக்கிறது, அடுத்த ஷாட்டில் தலைக்கு மேல் கம்பில் தொங்குகிறது. ஒன்றில் குரல் கனத்துக் கிடக்கும், மற்றதில் தகரம் தட்டினாற்போல் மெலிந்திருக்கும். இரண்டும் ஒரே மூச்சில் பேசியதாகக் கேட்க வேண்டும். மென்பொருளில் அதற்கு வசதி இருக்கிறது. நல்ல பதிவைக் காட்டினால், அதில் கனம் எவ்வளவு, கூர்மை எவ்வளவு என்று அளந்து, மற்றதையும் அதே வார்ப்புக்கு வளைத்துக் கொடுக்கும். நாமெல்லாம் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள். அவரோ உட்கார்ந்து கேட்பார். "கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. ஆளுக்குத்தான் ஜலதோஷம் புடிச்சிருக்கு" என்று சொல்லி, இயந்திரம் வளைத்ததில் பாதியைத் திரும்ப நிமிர்த்துவார்.

ஒரு மூத்த நடிகர் தொடரின் நடுவில் பல்செட் மாற்றிக்கொண்டார். பாதிக் கதைக்குப் பிறகு 'ச' வரும் இடமெல்லாம் விசில். நிதானம் அந்த விசிலை ஒவ்வொரு சொல்லாகத் தணித்து, பழைய குரலோடு புதியதைச் சேர்த்தார். ஒளிபரப்பைப் பார்த்த நடிகர் தன் பல் மருத்துவருக்குப் போன் போட்டு நன்றி சொன்னார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் நிதானம்தான்.

சரி. சிரித்தாகிவிட்டது. இனி இந்த மேடையில் யாரும் சொல்லாத கதைக்கு வருகிறேன்.

ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வெடித்தது. இறந்தவர்களில் ஒருவரின் மனைவியை ஓர் ஆவணப்படத்துக்காகப் பேட்டி எடுத்தார்கள். பதிவு செய்தவன் நான். முதல்முறை மருத்துவமனை வாசலில், வண்டிச் சத்தத்துக்கு நடுவே அந்த அம்மா சொன்னார்: "கம்பெனிக்காரங்களப் பத்திக் கேக்கிறீங்க. பாய்லர் கசியுதுன்னு என் வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. யாரும் காதுல போட்டுக்கல." மறுமுறை ஒரு மூடிய அறையில், மருத்துவமனை நர்சுகளைப் பற்றிச் சொன்னார்: "அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. அவங்களால ஆனத செஞ்சாங்க."

படத்தின் இயக்குநர் முதல் பேச்சின் தலையையும் இரண்டாவதன் உடலையும் வெட்டி எடுத்தார். "கம்பெனிக்காரங்களப் பத்திக் கேக்கிறீங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது." வாசல் குரலையும் அறைக் குரலையும் ஒன்றாக்கித் தரும்படி அந்தத் துண்டு நிதானத்திடம் வந்தது. துண்டை மட்டும் கேட்டு வேலை செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எந்த மனநிலையில் பேசிய குரல் என்று தெரிய வேண்டும் என்று முழுப் பதிவையும் வரவழைத்துக் கேட்டார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"அந்த அம்மா ரூம்ல யாரப் பத்திப் பேசுனாங்க?"

"நர்சுங்களப் பத்தி."

போனை வைத்துவிட்டார். நேராக இயக்குநரிடம் போனார். கதை ஓட்டத்துக்காகச் செய்தது என்று அவர் சமாதானம் சொன்னாராம். நிதானம் சொன்ன பதில் அந்த ஸ்டுடியோவில் எல்லோருக்கும் கேட்டது: "சத்தத்த ஒண்ணாக்கித் தரேன். பேச்ச ஒண்ணாக்கித் தரமாட்டேன்."

அந்த வேலையை வேறொருவர் செய்தார். அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். நன்றாகவே செய்திருந்தார். எவ்வளவு நன்றாக என்றால், அந்த அம்மாவின் மைத்துனர் படத்தைப் பார்த்துவிட்டு "வெலபோயிட்டீங்களே அண்ணி" என்று கேட்டுவிட்டு வீட்டுப் படியேறுவதை நிறுத்திக்கொண்டார். விபத்து விசாரணையில் கம்பெனி வக்கீல் அதைப் போட்டுக் காட்டினார். அந்த அம்மா எழுந்து, "குரல் என்னுதுதான். ஆனா நான் இத சொல்லல" என்றார். தன் குரலே தனக்கு எதிர்சாட்சி சொன்னால் ஒரு மனுஷி எங்கே போய் முறையிடுவாள்?

நிதானம் தானாகவே விசாரணைக்குப் போனார். என்னிடம் இருந்த மூலப் பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரியின் கண்ணெதிரே அதே இரண்டு வாக்கியங்களை முதலில் எதுவும் செய்யாமல் சேர்த்துப் போட்டார். முதல் வாக்கியத்தோடு வண்டிச் சத்தம் பட்டென்று நின்றது. இரண்டாவதில் நான்கு சுவர் வந்து சூழ்ந்தது. பிறகு கனத்தையும் கூர்மையையும் ஒத்துப்போக வைத்து, வாசல் இரைச்சலை அடியில் விரித்து, மறுபடி போட்டார். தையல் தெரியவில்லை. அதிகாரி இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். வக்கீல் காட்டிய துண்டு ஒதுக்கப்பட்டது. மைத்துனர் திரும்பி வந்து அண்ணியின் வீட்டு வாசலில் நின்றார்.

இதற்கு நம் சங்கம் என்ன பரிசு கொடுத்தது? வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியிட்டார் என்று குற்றம். பதிவைக் கொடுத்த எனக்கு எச்சரிக்கை. வாயைத் திறந்து பேசிய அவருக்கு நீக்கம். ஒட்டிக் கொடுத்தவருக்கா? அவருக்கு ஒன்றும் இல்லை, அவர் ரகசியம் காத்தார்.

ஒவ்வொரு ஸ்டுடியோவாகக் கதவு மூடியது. ஒத்துவராதவர் என்று ஒரே வார்த்தையில் அவரை முடித்தோம். வெளிச்சத்தம் புகாமல் படுக்கையறை அலமாரிக்குள் கணவர் போர்வை கட்டித் தொங்கவிட, அதற்குள் உட்கார்ந்து இணையப் பாடங்களுக்கும் லிஃப்ட் அறிவிப்புகளுக்கும் குரல் திருத்தினார். அதையும் அதே நிதானத்தோடு. நுரையீரல் கெட்டுப் படுத்தபோது, இரண்டு தெரு தள்ளியிருக்கும் நம் செயலாளர் எட்டிப்பார்க்கவில்லை. இறந்த பிறகு வந்தார், இந்தக் கூட்டத்துக்கு அழைக்க. கணவர் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இப்ப அவள சேத்துக்கிட்டீங்களா?" கூட்டம் முடியட்டும், பேசலாம் என்றாராம் செயலாளர்.

என் பின்னால் தொங்கும் துணியில் "நம் சங்கத்தின் பெருமை" என்று எழுதியிருக்கிறது. நீக்கியவரைப் பெருமை என்கிறோம். இந்த ஒட்டையும் கூசாமல் போட்டிருக்கிறோமே!

தலைவர் அவர்களே, சற்று நேரத்தில் எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்வீர்கள். இந்தச் சங்கத்துக்கு அது கைவந்த கலை. அதற்கு முன் என் உறுதிமொழியைச் சொல்லிவிடுகிறேன். என் பதிவு எந்தத் தொகுப்பாளருக்குப் போனாலும் துண்டாகப் போகாது, முழுதாகப் போகும். முழுதாகக் கேட்காதவருக்கு நான் மைக் பிடிக்க மாட்டேன். அவருடைய நீக்கத்தை ரத்து செய்யும் தீர்மானத்தை இந்த அரங்கை விட்டு வெளியேறும் முன் முன்மொழிவேன். வழிமொழிய ஒருவராவது இருக்கிறாரா என்று பார்ப்போம்.

கடைசி வரிசையில், பாய்லர் விபத்தில் கணவரை இழந்த அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவரையும் பேச அழைக்கச் சொன்னேன். நேரமில்லை என்றார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது, தலைவரே.

அம்மா, முன்னால வாங்க. மைக் இங்க இருக்கு. நீங்க முடிக்கிற வரைக்கும் நான்தான் புடிச்சுக்கிட்டு நிப்பேன்.