சத்தமில்லாத எஞ்சின்

காது விஷயத்தில் நான் கொடுத்து வைத்தவன். நாலு வீடு தள்ளி ஒரு வண்டியைக் கிளப்பினால் போதும், எந்த பிளக் சோம்பேறித்தனம் செய்கிறது என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். இந்த அறையின் மின்விசிறியில்கூட பேரிங் தேய்ந்துவிட்டது, கவனித்தீர்களோ என்னவோ. இன்னும் இரண்டு மாதம் தாங்கும்.

நானாகத்தான் வந்தேன், யாரும் இழுத்து வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வாகன ஆய்வாளரின் அறிக்கையைப் படித்தேன். முதல் இரண்டு பக்கங்களில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாம் பக்கத்தில், எஞ்சின் மாற்றிய வேலையில் இருந்த குறைபாடு விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அது தவறு. அதைத் திருத்த வேண்டுமானால் மற்றதையும் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை. என் தங்கை இறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அவள் கணவர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விபத்துக்கு முன் அவளும் நானும் பத்தொன்பது நிமிடம் போனில் என்ன பேசினோம் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அதற்கும் வருகிறேன். எஞ்சினிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

அந்த கேம்பர் வேன் என் கைக்கு வந்தபோது அதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு மரக்கடைக்குப் பின்னால் சக்கரம் இல்லாமல் கிடந்தது. அதைச் சரிசெய்ய எனக்குப் பதினோரு வருடம் ஆனது. தரைத் தகடு, மடக்குக் கட்டில், அடுப்பு மேடை, துணி அலமாரி எல்லாம் என் கைவேலை. எஞ்சின் பின்பக்கம். தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிர்கிற பழைய ரகம். அதை ஏழு முறை பிரித்து ஏழு முறை பூட்டினேன். அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, அவளை வளர்த்ததும் நான்தான். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். நான் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் படிப்பாள்.

அவள் வண்டி ஓட்டக் கற்றதும் அதில்தான். வேகம் காட்டும் மீட்டர் கோழிக் காலத்திலேயே செத்துப்போயிருந்தது. அதனால் காதால் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். இரண்டாவது கியரில் முனகும், மூன்றாவதில் பாடும், நாலாவதில் கத்தும். கத்தத் தொடங்கினால் காலை எடுத்துவிடு, அவ்வளவுதான் பாடம். எண்பதைத் தொட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, அலமாரிக் கதவு ஆடும், பல் கூசும். அந்த வண்டியில் யாரும் வேகமாகப் போனதில்லை. காது விடாது. பின்னால் மாப்பிள்ளைக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் அப்படித்தான் ஓட்டினார். ஓட்ட வேறு வழியும் கிடையாது.

கல்யாணத்துக்கு வண்டியை அவர்களுக்கே கொடுத்தேன். பாப்பா அழுதாள். மாப்பிள்ளை அன்று மாலையே அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று படம் எடுத்துப் போட்டார். நான் உயிர்கொடுத்த வண்டி என்று அதன் கீழே எழுதியிருந்தார். புது மாப்பிள்ளை, போகட்டும் என்று விட்டேன்.

பழைய வண்டிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை மைதானத்தில் கூடுவார்கள். போன வருடம் நானும் போயிருந்தேன். முப்பது பேருக்கு முன்னால் மாப்பிள்ளை பின்கதவைத் திறந்து எஞ்சினைக் காட்டினார்.

"எங்க மச்சான் பதினோரு வருஷம் இதோடதான் குடும்பம் நடத்தினாரு. அதான் வேற குடும்பம் அமையல. சண்டைச் சத்தம் மட்டும் இன்னும் ஓயல பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான், ஆனாலும் சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் கேட்டார்.

"அந்த டப்பா எஞ்சினத் தூக்கிக் கடாசிட்டு புதுசு ஒண்ணு வச்சுக் குடுங்க மச்சான். வெளிய பாக்கப் பழசாவே இருக்கணும். உள்ள சத்தமே வரக் கூடாது."

பாப்பா என் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செய்து கொடுக்கிறேன் மாப்பிள்ளை என்றேன். அவர் கேட்டது அதுதான், நான் கொடுத்ததும் அதுதான்.

எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் செருப்பைக் கழற்றுகிற விதம், மச்சான் என்று இழுக்கிற விதம், எதையும் தொட்டுவிட்டு வைத்த இடத்தில் வைக்காத கை, எல்லாமே எனக்கு எரிச்சல். ஆனால் எரிச்சலுக்காக நான் எதையும் செய்யவில்லை. பாப்பாவுக்காகத்தான் செய்தேன். அவரிடம் அவள் சந்தோஷமாக இல்லை. அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலையைச் சொல்கிறேன். பின்னால் லாரி இடித்த ஒரு புதுக் காரின் எஞ்சினை வாங்கினேன். பழையதைப்போல மூன்று மடங்கு இழுவை. இது தண்ணீரில் குளிர்கிற ரகம், அதனால் ரேடியேட்டரை வண்டியின் மூக்குக்கு அடியில் வைத்து, எஞ்சின் வரைக்கும் குழாய் இழுத்தேன். ஒரு சொட்டு ஒழுகாது. பழைய கியர்பாக்ஸையும் புது எஞ்சினையும் இணைக்க நடுவில் ஒரு அலுமினியத் தட்டு வேண்டும். நூலிழை பிசகினாலும் வண்டி உதறும். நானே லேத்தில் கடைந்தேன், உதறவில்லை. உங்கள் ஆய்வாளர் சந்தேகப்படுவது இந்தத் தட்டைத்தான். அது இரண்டாக உடைந்திருந்ததாம். பள்ளத்தில் விழுந்தால் உடையாமல் என்ன செய்யும். உடைந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுவதும் ஒரே பளபளப்பாக இருக்கும். முன்பே விரிசல் இருந்தால் பாதி கறுத்திருக்கும். இத்தனை வருடம் தொழில் பார்க்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா.

பிறகு கியர்பாக்ஸில் பற்சக்கரத்தை மாற்றினேன். அப்போதுதான் எவ்வளவு வேகத்திலும் எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் ஓடும். எஞ்சின் அறையைச் சுற்றி ரப்பர் ஷீட், அதன் மேல் கம்பளித் திண்டு, அதன் மேல் இன்னொரு ரப்பர் ஷீட். ஒரு அடுக்கே போதும். நான் இரண்டு போட்டேன்.

இழுவை மூன்று மடங்கானால் பிரேக்கும் மாற வேண்டும். ஸ்பேனர் பிடித்த எவனுக்கும் இது தெரியும். மாப்பிள்ளையிடம் முறையாகச் சொன்னேன். புது பிரேக் போட்டால் பழைய சக்கரம் பொருந்தாது, அந்தப் பளபளக்கும் மூடியெல்லாம் போய்விடும் என்றும் சொன்னேன். பாதி மீசையை எடுத்துவிடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். இருக்கிற பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, விடுங்கள் என்றார். வேலைச் சீட்டில் அதை எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அந்தச் சீட்டைத்தான் நீங்கள் எனக்குச் சாதகமாக வைத்திருக்கிறீர்கள். பழைய சக்கரத்துக்குள்ளேயே அடங்குகிற நல்ல பிரேக் கடையில் கிடைக்கிறது. சொல்லிவைத்தால் மூன்று நாளில் வரும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மீட்டரையும் கேட்டார். பழைய மீட்டரையே பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் மாட்டலாம் என்றேன். அது வந்து வெகு நாளாகிவிட்டது. என் பட்டறை மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது. சரியாக வேலை செய்கிறது.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் புறவழிச் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். கையோடு வேறொரு மீட்டர் கொண்டுபோயிருந்தேன். பழைய எஞ்சின் நாற்பதில் போட்ட சத்தத்தைப் புதியது நூற்று இருபதில்தான் போட்டது. காதை நம்பி ஓட்டுகிறவன் ஒரு மலையிறக்கத்தில் என்ன ஆவான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. இரண்டாவது அடுக்கு ரப்பர் வாங்கியது அதற்கு ஒரு மாதம் முன்பு. சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் பாப்பா உட்கார்ந்திருப்பாளே என்று கேட்கிறீர்கள். அவள் விஷயத்தில் நான் கண்ணும் கருத்துமாகத்தான் இருந்தேன். அவள் உட்காருகிற பக்கத்துக்குப் புது சீட் பெல்ட் போட்டேன், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற நல்ல பெல்ட். ஓட்டுகிற பக்கத்தில் பழைய வார்தான். மாப்பிள்ளை ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுக்கிற ஆள் இல்லை. பாப்பா அந்த வண்டியை ஓட்டி மூன்று வருடம் இருக்கும். இதைவிட ஒரு மனிதன் என்ன ஏற்பாடு செய்ய முடியும்.

இனி போன் விஷயம். மதியம் இரண்டேகால் இருக்கும். மலை உச்சியில் டீ குடித்துவிட்டு, இறங்குவதற்கு முன் கூப்பிட்டாள்.

"அண்ணா, இவர் இறங்கறதை வீடியோ எடுக்கணுமாம். என்னை ஓட்டச் சொல்றார். புது எஞ்சின்ல நான் ஓட்டினதே இல்லியே. ஏதாவது பாத்து பண்ணணுமா?"

அப்போது நான் சொல்லியிருக்கக்கூடியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இரண்டாவது கியரை விட்டு மேலே போகாதே என்றால் போதும். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு பஸ்ஸில் வா என்றும் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மாப்பிள்ளையின் மூச்சுகூட எனக்குக் கேட்டது. வேலையில் ஏதோ கோளாறு என்று பிடித்துக்கொள்வார். அடுத்த வருடமும் மைதானத்தில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார். இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வாய் பதில் சொல்லிவிட்டது.

"ஒண்ணுமில்லம்மா. பழையபடி காதால கேட்டு ஓட்டு."

"சரி, நீ லைன்லயே இரு அண்ணா. பயமா இருந்தா கேக்கறேன்."

"என்ன மச்சான், டியூஷனா?" என்றார் மாப்பிள்ளை.

பாப்பா சிரித்தாள். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் இருந்ததால் இந்த முறை வாயைப் பொத்தியிருக்க முடியாது. தெளிவாகக் கேட்டது.

பழக்கத்தில் வந்த வார்த்தை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்கம் ஒரு வார்த்தைக்குச் சரி. மீதி நேரம் முழுவதும் நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அலமாரியில் கிண்ணங்கள் உரசுவது கேட்டது. வீடியோவுக்காக மாப்பிள்ளை என் வண்டி, என் வண்டி என்று பேசிக்கொண்டே வந்தது கேட்டது. ஜன்னல் இடுக்கில் காற்று ஏறுவதை வைத்தே எனக்கு வேகம் தெரிந்தது. அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூறு. சத்தமே இல்லாம நல்லா இருக்கு அண்ணா என்றாள். ம் என்றேன். ஆறேழு வளைவு கழித்து, பெடல் மெத்துமெத்துனு உள்ள போகுது அண்ணா என்றாள். பிரேக் சூடேறிவிட்டது என்று அர்த்தம். அப்போதும் கியரைக் குறை என்று சொல்ல நேரம் இருந்தது.

"அண்ணா, இருக்கியா?"

இருந்தேன். அவள் இரண்டு முறை கேட்டாள். மாப்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் இருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை, அம்மாவைக் கூப்பிட்டாள். பழைய வார் அறுந்தது, தகரம் மடங்கியது, கிண்ணங்கள் உடைந்தது எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. புது பெல்ட் அவரைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு எப்பேர்ப்பட்ட காது என்று முதலிலேயே சொன்னேன். அந்தக் காதுக்கே, பத்தொன்பது நிமிடத்தில் ஒரு தடவைகூட எஞ்சின் சத்தம் எட்டவில்லை. மூன்றாம் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதச் சொல்லுங்கள்.