நித்யாவின் பெட்டிக்கு வந்த இரண்டு கடிதங்கள்

வாக்குமூலத்தை ஏட்டையா எழுதினால் எழுத்துப்பிழை வரும் என்றுதான் நானே எழுதித் தருகிறேன் என்றேன், வேறொன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஏரலுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கை இது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதும். இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் ஒரு பக்கம் போதும் என்றீர்கள். கொஞ்சம் கூடுதலாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பேச்சிராஜ். வயது ஐம்பத்து நான்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு கடை வைத்திருக்கிறேன். ஊரில் மெயில் அண்ணாச்சி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் மெயில் என்பது ஏதோ ஒரு படிவத்தில் கேட்கிறார்கள் என்பதற்காக வாங்கி வைத்துக்கொள்வது. யாரும் தானாகத் திறந்ததில்லை. "அண்ணாச்சி, ஒரு மெயில் போட்டுக் குடுங்க" என்று கடைக்கு வருவார்கள். நான் பெயரைத் தட்டுவேன், பிறந்த தேதியைத் தட்டுவேன், எல்லா நிபந்தனைகளுக்கும் சம்மதம் என்ற கட்டத்தை அவர்களுக்குப் பதிலாக அழுத்துவேன். பாஸ்வேர்டுக்கு அம்மா பெயரும் பிறந்த வருடமும். எல்லோருக்கும் ஒரே முறை. மறந்துவிட்டால் மீட்பதற்கு ஒரு போன் நம்பர் கேட்கும். நம் ஆட்கள் ஆஃபர் பார்த்து சிம் மாற்றுகிறவர்கள், அதனால் அந்த இடத்தில் என் நம்பர். வேண்டாம் என்று ஒருவர் சொன்னதில்லை. அண்ணாச்சி நம்பர் இருந்தால் பத்திரம் என்றுதான் சொன்னார்கள்.

படிக்க ஆரம்பித்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒருமுறை சேக் முகம்மது என்பவருக்குத் துபாய் விசா வந்து, பதினொரு நாள் பெட்டியிலேயே கிடந்தது. வேறு ஏதோ வேலையாகத் திறந்தபோது நான்தான் பார்த்துச் சொன்னேன். குடும்பத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவர் பெட்டியாகத் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. யாருக்கு என்ன நோய், எந்தப் பையன் பாஸ், எந்தப் பெண்ணுக்கு யார் எழுதுகிறான், எல்லாம் எனக்குத் தெரியும். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகம் தெரியாத மெயில் கம்பெனிக்காரனிடம் அத்தனையையும் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள், முகம் தெரிந்த நான் பார்ப்பதில் என்ன கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு அந்த மார்கழி வெள்ளம் வந்தது. ஆறு ஊருக்குள் புகுந்து பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனது. மார்க் ஷீட், பட்டா, ஆதார் எல்லாம் சேறு. ஆனால் நான் ஸ்கேன் எடுத்து மெயிலில் போட்டு வைத்தது ஒன்றுகூடப் போகவில்லை. கரண்ட் வந்த மறுநாளே எல்லோருக்கும் சும்மாவே அச்சடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கம்பெனியையும் என்னையும் ஊர் ஒரே தட்டில் வைத்துக் கும்பிட்டது. உள்ளதைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது.

அப்படி அச்சடித்து வாங்கியவர்களில் ஒருத்தி நித்யா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அப்பா இல்லை, அம்மா வாழை இலை அறுத்துக் கட்டப் போகிறவள். நித்யா நர்ஸ் படித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளம் போன ஆறாம் மாதம் என் மனைவி கலையரசிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. நித்யா தானாக வந்து நின்றாள். "நீங்க இல்லாட்டி எனக்கு சர்டிபிகேட்டே இல்ல அண்ணாச்சி. மதினிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

தினமும் காலை ஆறரை மணிக்கு வருவாள். கலையரசியைத் திருப்பிப் போட்டு, முதுகு துடைத்து, குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றி, தலை சீவி, அதற்குப் பிறகுதான் டூட்டிக்குப் போவாள். ஒருநாள் தவறியதில்லை. புண் ஒன்றுகூட வரவில்லை, பெரிய டாக்டரே கேட்டு ஆச்சரியப்பட்டார். அப்போது அவள் ஜெர்மன் பாஷை படித்துக்கொண்டிருந்தாள், அங்கே வேலைக்குப் போக அது வேண்டுமாம். பேசிப் பழக ஆள் இல்லை என்று கலையரசியிடம் பேசுவாள். தமிழே வாயில் வராதவளிடம் இவள் ஜெர்மனில் ஏதோ கேட்பாள், கலையரசி இடது கையால் அவள் கன்னத்தைத் தொடுவாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜெர்மனியில் உள்ள ஓர் ஆஸ்பத்திரி வைத்த நேர்காணல் என் கடைக் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. நித்யாவும், கூடப் படித்த சாயர்புரம் கரோலினும் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசினார்கள். விண்ணப்பம் நிரப்பியது நான், போன் நம்பர் வழக்கம்போல என்னுடையது. முடிவு மூன்று வாரத்தில் மெயிலில் வரும் என்றார்கள்.

நித்யாவின் மெயில் அவள் போனிலும் இருந்தது. ஆனால் குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து வருவது அவள் கண்ணில் படாமல் நேராக என் பெட்டிக்கு வந்துவிடும்படி செய்ய ஒரு வசதி இருக்கிறது. கம்பெனியே இலவசமாகக் கொடுப்பது, இரண்டு நிமிட வேலை. நேர்காணல் முடிந்த அன்றே செய்துவிட்டேன். கம்பெனி சொன்னதைச் சொன்னபடி செய்தது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் கடிதம் வந்தது. வேலை அவளுக்கு. நான் அவள் பெயரில் மரியாதையாக ஒரு பதில் எழுதினேன். மிகவும் நன்றி, ஆனால் நோயாளி ஒருவரை நான் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இப்போது வர இயலாது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தாள்.

"கரோலினுக்கு வந்துட்டாம் அண்ணாச்சி. எனக்குத்தான் வரல."

"ஸ்பேம்ல பாத்தியாம்மா?"

"அங்கனயும் பாத்துட்டேன். அவ்வளவு பெரிய கம்பெனி ஒரு லெட்டரத் தொலச்சிருமா? வெள்ளத்துலயே தொலைக்காதவன். அவுக அனுப்பல. எனக்குத் தகுதி பத்தல போல."

பாவமாகத்தான் இருந்தது. ஒருமுறை கேட்டு எழுதிப் பார்ப்போம் என்றேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்கிய" என்றாள். திரையை என் பக்கம் திருப்பி அழித்துவிட்டு, போய்விட்டது என்றேன். பதில் வராது என்று அவள் நம்புவதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. பிறகு ஜெர்மன் நோட்டுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து, "பின்பக்கம் வெள்ளையா கெடக்கு அண்ணாச்சி, ஒங்களுக்கு ஆகும்" என்று வைத்துவிட்டுப் போனாள். ஆகத்தான் செய்தது. புது மை மாற்றும்போதெல்லாம் அந்தத் தாள்களில்தான் அச்சடித்துச் சரிபார்த்தேன். காலையில் அவள் கலையரசியிடம் பேசுவது மட்டும் குறைந்துபோயிற்று. தமிழில் "திரும்புங்க மதினி" என்பாள், அவ்வளவுதான்.

போன வாரம் கரோலின் லீவில் வந்து, "ஏட்டி, நீயே வேண்டாம்னு எழுதிட்டியாமே" என்று கேட்டிருக்கிறாள். அங்கே உள்ள அதிகாரியிடம் சொல்லி அந்தப் பதிலையும் வரவழைத்துக் கொடுத்திருக்கிறாள். நித்யா அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். சத்தம் போடவில்லை.

"இத நீங்களா எழுதுனிய?"

"ஆமா."

"எதுக்கு அண்ணாச்சி?"

"மதினிக்காகத்தாம்மா."

வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. மதினி இருக்கது வரைக்கும் நான் போயிருக்க மாட்டேனே" என்றாள். அங்கிருந்துதான் உங்களிடம் வந்திருக்கிறாள். வந்தது நியாயம்தான். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊர் பேசும், பேசட்டும்.

அவள் புகாரோடு இணைத்திருப்பது அந்த ஒரு பதிலைத்தான். நீங்களும் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். மனைவிமேல் உள்ள பாசத்தில் செய்துவிட்டாரோ என்று நீங்கள் ஏட்டையாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அதனால்தான் ஒரு பக்கம் போதவில்லை.

கலையரசி ஆனி மாதம் இறந்துபோனாள். பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்தது. இனி நித்யா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாளும் ஆறரைக்கு வந்தாள். தூக்குச்சட்டியில் நாலு இட்லி. "சாப்ட்டியளா அண்ணாச்சி, பிரஷர் மாத்திர போட்டியளா?" என்று கேட்டுவிட்டு, பைய வாசலைத் தெளித்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

ஆவணியில் அந்த ஜெர்மன் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இது கரோலினுக்குத் தெரியாது, நித்யாவுக்கும் தெரியாது. உங்கள் பொறுப்பில் இருந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார், சூழல் மாறியிருந்தால் அந்த இடம் இன்னும் உங்களுக்குத்தான் என்று கேட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள். அன்று மத்தியானமே அவள் பெயரில் பதில் எழுதி அனுப்பினேன்.

நோயாளிக்கு இன்னும் குணமாகவில்லை, காலையில் நான் போகாவிட்டால் அவர் சாப்பிடமாட்டார், மன்னிக்கவும் என்று எழுதினேன். அதிலும் நான் பொய் எதுவும் எழுதவில்லை.