நடுவில் வைத்த நிறுத்தம்

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தாறு. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகளுக்குப் பொறுப்பாளராக வேலை பார்க்கிறேன். நானும் என் கணவரும் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பாதிக்கப்பட்டன. வீட்டுக்குள் கைத்தடியுடன் நடப்பார், படி இறங்க மாட்டார்.

வலது கை விரல்களுக்குத் தினமும் வேலை கொடுக்கும்படி மருத்துவமனையில் சொன்னதால், போன வருடம் உள்ளங்கை அகலமுள்ள ட்ரோன் ஒன்றும் அதன் ரிமோட்டும் வாங்கினோம். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் கேமரா காட்டுவதை மடியில் வைத்த சிறு திரையில் பார்த்தபடி ஓட்டுவார். அது எங்காவது முட்டித் தலைகீழாக விழும் போதெல்லாம் நான் இறங்கிப் போய் எடுத்து வருவேன். ஒருநாள் நான்காவது முறை ஏறி வந்தபோது அவர், "நான் விழுந்தாலும் தூக்க நீ, அது விழுந்தாலும் தூக்க நீ. அதுவாவது தானா எந்திரிக்கட்டுமே" என்றார்.

அதன் பிறகு நான் ட்ரோனைக் கம்ப்யூட்டரில் இணைத்து அமைப்புகளைப் படித்தேன். கவிழ்ந்த பிறகு மோட்டார்களைப் பின்பக்கமாகச் சுழற்றித் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் வசதி அதில் உண்டு. வழக்கமான முறையில் ஒரு சுவிட்சால் மோட்டாரை நிறுத்தி, இன்னொரு சுவிட்சைத் தள்ளி, மறுபடி முதல் சுவிட்சைப் போட்டு, கடைசியில் ரிமோட்டின் வலது குச்சியை அசைக்க வேண்டும். அவருக்கு அத்தனையும் முடியாது என்று நினைத்து, குச்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வலது பக்கம் உள்ள மூன்று நிலை சுவிட்ச் ஒன்றிலேயே வைத்தேன். முன் கோடியில் பறப்பது, நடுவில் நிறுத்தம், பின் கோடியில் புரள்வது. மறுநாள் காலை அவர் அதைத் தலையணை மேல் வேண்டுமென்றே கவிழ்த்துக் கவிழ்த்துப் பதினொரு முறை புரட்டிப் பார்த்தார். நான் கல்லூரிக்குத் தாமதமாகப் போனேன்.

என் கணவரின் வலது கை விரல் நடுவில் நிற்காது. அசையாமல் இருக்கும், அசைந்தால் கடைசி வரை போகும். அவர் திருப்பினால் எங்கள் வீட்டு மின்விசிறி நின்றுவிடும், இல்லையென்றால் ஐந்தில் ஓடும். அதை மூன்றில் வைப்பது நான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே நிறுத்தத்தை நடுவில் வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருந்த துணிக்கொடியில் மாட்டி ட்ரோன் கவிழ்ந்து விழுந்தது. நான் கணவரின் பின்னால் நின்று அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரையில் வானம் கீழேயும் தரை மேலேயும் தெரிந்தன. அப்போது அந்த வீட்டுத் தையல்காரரின் செருப்புக் கால்கள் நெருங்கி வந்தன; அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "அண்ணன் வர்றாரு, ஆஃப் பண்றேன்" என்று சொல்லி என் கணவர் சுவிட்சை இழுத்தார். அது நடுவைத் தாண்டிப் பின் கோடிக்குப் போனது. அதே நொடியில் அவர் பெருவிரல் குச்சியை அழுத்தியது. அண்ணன் ட்ரோனைக் கையில் எடுத்திருந்தார். இறக்கை சுழன்று அவருடைய ஆள்காட்டி விரலை வெட்டியது.

அதன் பிறகு நான் எண்ணெய்க் கையோடு ஓடிப்போய், அவர் தோளில் கிடந்த துண்டால் விரலைச் சுற்றிக் கட்டி, ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நான்கு தையல் போட்டார்கள். "முப்பது வருஷமா ஊருக்கே தையல் போட்டேன். எனக்குப் போட்டவன் நூலைச் சரியா இழுக்கலம்மா" என்றார். நான் அழுததைப் பார்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அண்ணனின் மருமகன் புகார் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அது ஊசி பிடிக்கும் விரல். விசாரணைக்கு வீட்டுக்கு வந்த காவலரிடம் என் கணவர், தன் கை சரியில்லை, தவறு தன்னுடையது, இனி எதையும் ஓட்டுவதில்லை என்று இடது கையால் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து பால்கனி நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்காருகிறார். வலது கையை இடது கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

காவலர் எடுத்து வந்த ட்ரோன் இந்தக் காவல் நிலையத்தில் ஒரு பையில் இருக்கிறது. நான் செய்த அமைப்பு அதற்குள் அப்படியே பதிந்திருக்கிறது. இன்று என் கம்ப்யூட்டரில் இணைத்து அதை அதிகாரியிடம் காட்டினேன். அவர் சுவிட்சை மூன்று முறை தள்ளிப் பார்த்தார், இரண்டு முறை அவர் விரலும் நடுவைத் தாண்டியது. ட்ரோனைத் திருப்பிக் கொடுத்தால் புரளும் வசதியை வேறு சுவிட்சுக்கு மாற்றி, என் கணவரின் விரல் தானாகப் போய் நிற்கும் கோடியில் நிறுத்தத்தை வைப்பேன். எதிர்வீட்டுப் பக்கம் பறக்க விடமாட்டோம். அண்ணனின் விரல் ஆறும்வரை அவர் கடையில் பொத்தான், கொக்கி தைக்கும் வேலையை மாலையில் நான் செய்கிறேன்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "கணவரின் கை சரியில்லாததால் விபத்து நடந்தது" என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு "நான் நிறுத்தத்தை நடுவில் வைத்ததால்" என்று மாற்றக் கேட்டேன். மாற்றினார்கள். அடித்த இடத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, நடந்தபடியே இருக்கிறது.

(ஒப்பம்)