உப்பு ஒத்தடம்

எனக்குக் கன்னடம் நன்றாக வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. மாடு பிடிக்க ஆனேக்கல் பக்கம் சந்தை சந்தையாகத் திரிந்ததில் வந்தது. எங்கள் சூளகிரிப் பக்கத்தில் இது பெரிய சங்கதி இல்லை. என் தம்பி பெண்டாட்டி மங்கம்மாவுக்குத்தான் ஒரு சொல்லும் தெரியாது. அவள் மத்தூர்க்காரி.

தம்பி சென்னகிருஷ்ணனை வளர்த்தவன் நான். அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. ஏர் பிடிக்கவும் கிணற்றில் கவலை இறைக்கவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். தோளுக்கு மேல் வளர்ந்ததும் ஊரைக் கூட்டிப் பாகம் கேட்டான். பிரித்தால் கிணற்று மேடு அவன் பக்கம் போகும். எனக்கு மிஞ்சுவது கொள்ளு விதைக்கிற காடு. நன்றி கெட்டவன். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் அவனுடைய வலது கால் செத்துக்கொண்டு வந்தது. நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பான். ரத்தம் இறங்காமல் பாதம் சில்லிட்டு, கட்டைவிரல் கறுத்தது. ஒரு வருஷம் படுத்துக் கிடந்தான். பாகப் பேச்சும் அவனோடு படுத்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், எங்கள் வீடு அமைதியாக இருந்த வருஷம் அது ஒன்றுதான்.

மங்கம்மா அழுது அழுதே அவனைப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வைத்தாள். டாக்டர் தார்வார்க்காரர், தமிழ் தெரியாது. விலாப் பக்கம் திறந்து, முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற ஏதோ நரம்பை வெட்டினார். அதை வெட்டினால் காலின் ரத்தக்குழாய் விரிந்து கொடுக்குமாம். கறுத்த விரலை மட்டும் எடுத்தார். மறுநாள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

"ணா, ஆடி பொறந்தா நானே ஏர் பூட்டுவேன்" என்றான் தம்பி.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவன் உள்ளே கட்டிலில் இருந்தான். டாக்டர் எங்கள் இருவரையும் வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். பீடியைத் தொடக் கூடாது. அதைவிட முக்கியம், காலில் சூடு வைக்கவே கூடாது. அந்தக் காலுக்கு உணர்ச்சி மட்டு, வெந்தாலும் தெரியாது. வெந்த இடம் ஆறுவதற்கு ரத்தம் போதாது. அப்புறம் காலையே எடுக்க வேண்டியதுதான்.

"என்ன மாமா சொல்றாரு?" என்றாள் மங்கம்மா.

"பீடி ஆகாதாம். காலு சில்லுன்னு ஆவாம, காலையும் சாயந்தரமும் உப்ப நல்லா வறுத்து ஒத்தடம் குடுக்கணுமாம். சூடு கொறையக் கூடாதாம்."

நம் பக்கத்தில் எந்த வலிக்கும் உப்பு ஒத்தடம்தானே, ஐயா. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கல்லுப்பு படபடவென்று வெடிக்கிறவரை வறுத்து, துணியில் முடிந்து, ஒரு வேளை தவறாமல் ஒற்றினாள். அவன் இதமாக இருக்கிறது என்றான். பதினோராம் நாள் உள்ளங்கால் கொப்புளித்தது. பிறகு சீழ் வைத்தது. நான்தான் பஸ் ஏற்றிக் கொண்டுபோனேன்.

சூடு வைத்தது யார் என்று டாக்டர் கத்தினார். மங்கம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"சூடு மிஞ்சிப்போச்சுங்கறாரு" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரிடம் கன்னடத்தில், "பட்டிக்காட்டுப் பெண், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை" என்றேன். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

வீடு திரும்பியதும் தம்பி அவளை நிற்க விடவில்லை. "என் கால வேக வச்சவளே, உங்க ஊட்டுக்கே போ" என்று கைத்தடியை வீசினான். போய்விட்டாள். அவளுடைய அண்ணன் தீர்த்தகிரி பெங்களூர் போய் டாக்டரையே விசாரித்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறான். நான் எதையும் மறைக்கவில்லை. கால் போனது என் சொல்லால். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். மத்தூர் பஸ் ஏறுமுன் மங்கம்மா என் காலில் விழுந்தாள். "ஊரே என்னத் திட்டுது. நீங்க ஒருத்தர்தான் மாமா, ஒரு வார்த்த சொல்லல" என்றாள். அது நிஜம், ஐயா. அந்தப் பெண்ணை நான் யாரிடமும் குறை சொன்னதே இல்லை.